எல்லோரும் சொன்னால் பொய் மெய்யாகுமா?

வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் எவரும் தன்னைச் சாதாரணமானவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. கல்லூரி இறுதியாண்டில் நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட், ரெஸ்யூமில் ஏறும்போது ஒருவரே தலைமையேற்று நடத்தியதாகிவிடுகிறது. ஒரு மென்பொருளைச் சில நாள் திறந்து பார்த்த பழக்கம் நிபுணத்துவமாகிறது. வளாக நேர்காணலுக்கான பயிற்சி வகுப்புகளில், ‘உங்களிடம் உள்ள குறை என்ன’ என்ற கேள்விக்கு ‘எடுத்த வேலையை அப்பழுக்கில்லாமல் முடிக்கும்வரை ஓயமாட்டேன், அதுதான் என் குறை’ என்று பதில் சொல்லக் கற்றுத்தருகிறார்கள். ஆள் எடுக்கும் தரப்பும் இதற்குச் சளைத்ததில்லை. அதன் விளம்பரங்கள் கணக்கு எழுதும் வேலைக்கு ‘ராக்ஸ்டார்’ தேவை என்கின்றன. ஓய்வில்லாத வேலையை வேகமான பணிச்சூழல் என்றும், சொல்ல விரும்பாத சம்பளத்தைச் சந்தைக்கு நிகரான ஊதியம் என்றும், நினைத்தபோது வெளியே அனுப்பக்கூடிய உறவைக் குடும்பம் என்றும் சொல்கின்றன. இரு தரப்பும் மிகைப்படுத்துகின்றன. அது மிகைதான் என்று இரு தரப்புக்கும் தெரியும். அப்படியானால், கேட்பவருக்குத் தெரிந்தே சொல்லப்படும் பொய் பொய்யாகுமா? ஏமாறுவதற்கு ஆளில்லாத இடத்தில் ஏமாற்று என்று ஒன்று உண்டா? உண்டு என்பதும், அதன் பாரம் பேசுபவர் மீதும் கேட்பவர் மீதும் விழுவதைவிட அந்த அறையிலேயே இல்லாத மூன்றாமவர் மீது அதிகம் விழுகிறது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் எதிர்வாதத்தை அதன் முழு வலுவோடு கேட்டுக்கொள்ள வேண்டும். 1968இல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் ஆல்பர்ட் கார் எழுதிய கட்டுரை இன்றும் மேலாண்மைக் கல்லூரிகளில் விவாதிக்கப்படுகிறது. வணிகத்தை அவர் போக்கர் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டார். சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டை மறைப்பதையோ, இல்லாத பலத்தைக் காட்டுவதையோ எவரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை. வணிகத்துக்கும் அதுபோலத் தனி விதிகள் உண்டு, வீட்டில் கடைப்பிடிக்கும் அறத்தால் அதை அளக்கக் கூடாது என்பது அவருடைய கருத்து. வயதின் காரணமாக வேலை கிடைக்காமல், தலைக்குச் சாயம் பூசி, வயதைக் குறைத்து எழுதி வேலை பெற்ற ஒரு விற்பனையாளரையும் அவர் எடுத்துக்காட்டினார். அது பொய்தான், ஆனால் ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்ட பொய் என்பதால் அவர் மீது ஒழுக்கப் பழி இல்லை என்றார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை; சொல்லும் இடத்தின் வழக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. எல்லோரும் ‘மிகச் சிறந்த’ என்றே எழுதும் இடத்தில் அந்தச் சொல்லுக்குப் ‘பரவாயில்லை’ என்பதே பொருள் என்றால், அப்படி எழுதியவர் யாரை ஏமாற்றினார்?

தன்னைப் பற்றித் தானே உயர்வாகச் சொல்வதே பிழை என்று நினைப்பவர்களும் உண்டு. தமிழ் மரபு அவ்வளவு தட்டையாக யோசிக்கவில்லை. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எத்தனை துறைகளில் வல்லவரானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று பொதுவிதி வகுத்துவிட்டு, அடுத்தே நான்கு விலக்குகளைத் தருகிறார். அரசனின் அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது புலவர் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்கிறார். முதல் இரண்டையும் பாருங்கள்: வாழ்வு தரக்கூடியவருக்கு எழுதும் ஓலை, தன்னை அறியாதவர் முன் நிற்கும் நிலை. இன்றைய வேலை விண்ணப்பம் இந்த இரண்டிலும் அடங்கும். தன்னடக்கத்தை அணியாகப் போற்றிய மரபே, அறியாதவருக்கு அறிவிப்பது அகந்தையாகாது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அது அனுமதித்தது இருக்கும் ஆற்றலை எடுத்துச் சொல்வதை. இல்லாத ஆற்றலை உண்டாக்கிக்கொள்ளும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. லியனார்டோ டா வின்சி 1482ஐ ஒட்டி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு எழுதிய கடிதத்தை உலகின் முதல் வேலை விண்ணப்பம் என்று சொல்வதுண்டு. தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், பீரங்கிகள், கவச வண்டிகள் என்று போர்க் கருவிகளை அடுக்கிவிட்டு ஓவியத்தைக் கடைசியில் சொல்கிறார். தற்புகழ்ச்சி நிறைந்த கடிதம்தான். ஆனாலும் முடிவில், இவற்றில் எதுவாவது நடக்காத காரியம் என்று தோன்றினால் நீங்கள் சொல்லும் இடத்தில் செய்து காட்டத் தயார் என்கிறார். சொல்லைச் சோதனைக்கு ஒப்புக்கொடுக்கும் அந்த இடத்தில்தான் தற்புகழ்ச்சியும் பொய்யும் பிரிகின்றன.

அரிஸ்டாட்டில் தம் ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலில் தற்பெருமைக்காரர்களைப் பிரித்துக் காட்டுகிறார். புகழுக்காகப் பெருமையடிப்பவரைக் காட்டிலும் பணத்துக்காகப் பெருமையடிப்பவர் இழிந்தவர் என்பது ஒன்று. இன்னொன்று இன்னும் கூர்மையானது: ஆதாயத்துக்காகப் பெருமையடிப்பவர்கள் பிறருக்குப் பயன்படும், ஆனால் இல்லாவிட்டாலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாத திறமைகளையே உரிமை கொண்டாடுகிறார்கள் என்கிறார். அவர் காலத்தில் அவை குறி சொல்வதும் மருத்துவமும். நம் காலத்தில் அவை தலைமைப் பண்பு, தொலைநோக்கு, தொழில்மீதான தீராத ஆர்வம், முடிவை நோக்கிய அணுகுமுறை. வெல்டிங் தெரியாதவர் தெரியும் என்று சொன்னால் முதல் நாளிலேயே தகடு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வெல்டர் வேலைக்கான விண்ணப்பத்தில் இந்தச் சொற்கள் குறைவு. வேலையின் விளைவைக் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில்தான் கார்ப்பரேட் சொற்கள் பெருகுகின்றன. அவற்றைப் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. ஏனென்றால் மெய்யோ பொய்யோ ஆவதற்குத் தேவையான அளவு பொருள் அவற்றில் இல்லை. அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1986இல் எழுதி, 2005இல் சிறு நூலாக வந்த கட்டுரையில், பொய்யரையும் வெற்றுப்பேச்சுக்காரரையும் பிரித்தார். பொய்யருக்கு உண்மை எது என்று தெரியும், அதை மறைக்க வேண்டும் என்ற அக்கறையும் உண்டு. வெற்றுப்பேச்சுக்காரருக்கு உண்மை என்னவாக இருந்தாலும் ஒன்றே. அதனால் உண்மைக்குப் பெரிய எதிரி பின்னவர்தான் என்றார். பௌத்தம் இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டிருந்தது. பொய் சொல்வது, கோள் மூட்டுவது, கடுமையாகப் பேசுவது ஆகிய மூன்றோடு பயனற்றதைப் பேசுவதையும் வாக்கின் தீவினையாக எண்ணியது. மணிமேகலை இந்த நான்கையும் தமிழில் சொல்கிறது. வள்ளுவரும் பயனில்லாத சொல்லுக்குத் தனி அதிகாரம் ஒதுக்கினார். வெற்றுச்சொல்லை வெறும் நடைக்குறை என்று விடாமல் அறக்குறை என்று இவர்கள் கருதியதற்குக் காரணம் உண்டு: பொருளில்லாத சொல் புழங்கும் இடத்தில் பொருளுள்ள சொல்லும் மதிப்பிழக்கிறது.

இப்போது ஆல்பர்ட் கார் சொன்ன சீட்டாட்டத்துக்கு வருவோம். அந்த ஒப்புமை இரண்டு இடங்களில் உடைகிறது. ஒன்று, சீட்டாட்டத்தில் உட்காருவது விருப்பம். வேலை தேடுவது பிழைப்பு. விலகிப்போக முடியாதவருக்கு ஆட்டத்தின் விதியை ஏற்றுக்கொண்டவர் என்ற பட்டம் பொருந்தாது. இரண்டு, ஆடுபவர் எல்லோருக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும். வேலைச் சந்தையில் அப்படியில்லை. பெற்றோரும் உற்றாரும் அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு எவ்வளவு மிகைப்படுத்தலாம், எதை எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நம்பி வருகிறார். ‘ஓரளவு தெரியும்’ என்று அவர் சொன்னால், எல்லோருடைய சொல்லிலும் பாதியைக் கழித்தே கேட்டுப் பழகிய காது அதிலும் பாதியைக் கழித்துவிடுகிறது. மிகைப்படுத்தியவரும் ஏமாறவில்லை, தேர்வாளரும் ஏமாறவில்லை. உண்மை சொன்னவர் மட்டும் தோற்றுப்போகிறார். பொதுவழக்கமாகிவிட்ட பொய்யின் கேடு இதுதான். யாரையும் ஏமாற்றாமலேயே அது நேர்மையாளரைத் தண்டிக்கிறது. இம்மானுவேல் கான்ட் 1785இல் பொய் வாக்குறுதியைப் பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தும்: எல்லோரும் பொய் வாக்குறுதி கொடுத்தால் வாக்குறுதி என்பதையே எவரும் நம்ப மாட்டார், பிறர் உண்மை பேசுவார்கள் என்ற நம்பிக்கையின் முதுகில் ஏறித்தான் ஒவ்வொரு பொய்யும் பயணம் செய்கிறது.

கான்ட் தர்க்கமாகச் சொன்னதைப் பொருளியல் தன் வழியில் வந்து உறுதி செய்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தையின் சமிக்ஞைகள் குறித்து எழுதினார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திறமையுள்ளவருக்கு எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருந்தால்தான் ஒரு சமிக்ஞை எதையேனும் உணர்த்தும் என்பது அவர் ஆய்வின் சாரம். யாரும் செலவில்லாமல் எழுதிக்கொள்ளக்கூடிய சொல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை. சொல் மதிப்பிழந்தால் தேர்வாளர் வேறெதையாவது பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது: கல்லூரியின் பெயர், ஆங்கில உச்சரிப்பு, தெரிந்தவர் சிபாரிசு, விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்சரும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரத்தில் கேட்ட நிபந்தனைகளோடு அச்சொட்டாகப் பொருந்தாத காரணத்தால், தகுதியுள்ள உயர்திறன் விண்ணப்பதாரர்களே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆகவே விண்ணப்பதாரர்கள் எந்திரத்துக்குப் பிடித்த சொற்களைத் தேடி நிரப்புகிறார்கள். அதனால் சொற்கள் மேலும் மலிகின்றன. நிறுவனங்கள் வடிகட்டியை மேலும் இறுக்குகின்றன. மனிதர் மனிதருக்குத் தம்மைத் தெரிவிக்கும் ஒரு வாயில் இப்படியே அடைபடுகிறது.

இந்தப் பழியை இரு தரப்புக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது நியாயமாகாது. நூறு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உள்ளவரே பேச்சின் விதியை வகுக்கிறார். வேலை வேண்டுபவர் அதற்கு இணங்குகிறார். தொடக்கநிலை வேலைக்கு மூன்றாண்டு அனுபவம் கேட்கும் விளம்பரம், இல்லாத அனுபவத்தைப் புனையும்படி கேட்கிறது என்றே சொல்ல வேண்டும். விண்ணப்பதாரர் கல்லூரிப் பட்டத்தைத் திரித்தால் வேலை போகும். நிறுவனம் தன் வாக்கைத் திரித்தால் என்ன ஆகிறது? 2023 பிப்ரவரியில் இந்தியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று, ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லித் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் காக்க வைத்திருந்த புதிய பட்டதாரிகளிடம், 3.5 லட்சத்துக்குச் சேர்ந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டது. சந்தை நிலவரம் மாறிவிட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே காரணத்தைச் சொல்லி ஒரு விண்ணப்பதாரர் தன் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ள முடியாது. வள்ளுவர் இந்த இடத்தில் துணைக்கு வருகிறார். ஆள் தேர்வைப் பற்றிய ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் அவருடைய அறிவுரை முழுவதும் தேர்ந்தெடுப்பவரை நோக்கியது: சோதிக்காமல் நம்பாதே, நம்பியபின் ஐயுறாதே, ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல். தேடி வருபவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதற்கு அங்கே எடையே இல்லை. உண்மையைக் கண்டறியும் கடமையை அவர் அதிகாரம் உள்ளவர் தோளில் வைத்தார். சொல்லை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, சொல் பொய்த்தது என்று வருந்துபவர் அந்தக் கடமையில் தவறியவர்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆட்டமே ஒருதலையானது என்று ஒப்புக்கொண்டபின், பலவீனமானவர் பொய்யைக் கேடயமாகப் பிடித்தால் என்ன தவறு? சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் இந்திய நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் தாங்கியவை, உயர்சாதி இந்துப் பெயர் தாங்கியவற்றைவிடக் குறைவான அழைப்புகளையே பெற்றன. இந்த அநீதியின் முன் நின்று உண்மையே பேசு என்று உபதேசிப்பது கொடுமையாகத் தோன்றலாம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்கலாம். இந்த மறுப்பில் பாதி சரி. பவணந்திக்குச் சற்றுப் பின் வாழ்ந்த கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், எந்தத் தீங்கிலிருந்து தப்பிக்கவும் பொய் சொல்லக் கூடாது, ஆனால் உண்மையை விவேகத்தோடு மறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கோடு கிழித்தார். சாதியை, மதத்தை, திருமணத் திட்டத்தைக் கேட்க நிறுவனத்துக்கு உரிமையில்லை. அவற்றைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது. நம் உச்ச நீதிமன்றமும் 2016இல் அவ்தார் சிங் வழக்கில் இதை ஒட்டிய கோட்டையே வரைந்தது. வேலைக்கு வருபவர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது, இளம் வயதின் சிறு தவறுகளை நிறுவனம் பொறுத்துப்போகலாம் என்றது. ஆல்பர்ட் கார் எடுத்துக்காட்டிய விற்பனையாளருக்கு வயதைச் சொல்லாமல் இருக்க நியாயம் உண்டு. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்ல அவருக்கும் நியாயம் இல்லை.

மறுப்பின் மீதிப் பாதி வள்ளுவரின் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. அவர் கேட்டது குற்றமற்ற நன்மை. வேலையிடம் ஒன்று, கேட்பவர் பலர் என்ற நிலையில், புனைந்த அனுபவத்தால் ஒருவர் பெறும் நன்மை இன்னொருவரின் இழப்பு. அந்த இன்னொருவர் பெரும்பாலும் முதலாளியோ அதிகாரியோ இல்லை. அதே நிலையில், அதே தேவையோடு, பொய் சொல்லத் துணியாமல் வரிசையில் நிற்பவர். வலியவருக்கு எதிராகப் பிடித்ததாக எண்ணும் கேடயம் பக்கத்தில் நிற்பவரையே இடித்துத் தள்ளுகிறது. சொன்னவரையும் அது விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மாணவர் சேர்க்கைத் துறையின் தலைவராக இருந்த மேரிலீ ஜோன்ஸ், விண்ணப்பத்தில் எல்லாவற்றிலும் சிறந்தவராகக் காட்டிக்கொள்ளும் நெருக்கடியிலிருந்து மாணவர்களை மீட்க வேண்டும் என்று நாடறியப் பேசியவர். அவரே பணியில் சேர்ந்தபோது பெறாத பட்டங்களைப் பெற்றதாகச் சொல்லியிருந்தது வெளிப்பட்டு, 2007 ஏப்ரலில் பதவி விலகினார். 28 ஆண்டுகள் அங்கே பணியாற்றியிருந்தார், பாராட்டும் பெற்றிருந்தார். அந்தப் பட்டங்கள் இல்லாமலே அவர் திறமையானவர் என்பதை அவர் வேலை காட்டிவிட்டது. ஆனால் தொடக்கத்தில் சொன்ன பொய், தன் திறமையைத் தன்னுடையதாக ஊரறியச் சொல்லிக்கொள்ளும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிட்டது.

உண்மை பேசுபவர் தோற்றுக்கொண்டிருக்கும்வரை இந்த அறமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே என்ற கடைசிக் கேள்வி மிஞ்சுகிறது. தனி மனிதரின் மன உறுதியை மட்டும் நம்பினால் அப்படித்தான் ஆகும். ஆனால் வேறு வழி இருக்கிறது, அது பரிசோதிக்கப்பட்டதும்கூட. பணியாளர் தேர்வு முறைகளைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, வேலையின் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்பதும், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலைவிட ஒருவரின் பிற்காலப் பணித்திறனை நன்றாகக் கணிக்கின்றன என்று காட்டியது. ரெஸ்யூமில் பெருமையாக எழுதும் அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை அதில் மிகக் குறைந்த இடத்தையே பெற்றது. செயலே உரைகல் என்ற பழைய சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. செய்து காட்டச் சொல்லும் நிறுவனம் பொய்க்கு இருக்கும் சந்தையை மூடுகிறது. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் விளம்பரத்திலேயே எண்ணால் எழுதும் நிறுவனம் தன் பொய்யை நிறுத்துகிறது. இது நிறுவனங்களிடம் கேட்டுப் பெற வேண்டிய நீதி. பயிற்சி தரும் கல்லூரிகளும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இருபது வயதில் முதல் தொழில்பாடமாகப் பொய்யைக் கற்றுத்தருபவர்கள், பின்னாளில் அந்த மாணவர் போலிக் கணக்கு எழுதும்போது அதிர்ச்சியடைய உரிமையற்றவர்கள்.

விண்ணப்பதாரருக்கும் ஒரு பங்கு மிஞ்சுகிறது. எழுதும் ஒவ்வொரு சொல்லையும் ‘காட்டு’ என்று யாரேனும் கேட்டால் காட்ட முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் அது. ‘அணித் தலைமை’ என்பதற்குப் பதிலாக ‘நால்வர் செய்த வேலையில் தரவைச் சேகரித்துச் சரிபார்த்தது நான்’ என்று எழுதுவது தாழ்வில்லை. அது குறுகிய சொல்லானாலும் நிற்கக்கூடிய சொல். அப்படி எழுதுபவர் ஓரிடத்தில் வேலையை இழக்கலாம். அந்த இழப்பு உண்மையானது, அதைச் சிறிதாக்கிப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எல்லோரும் சொல்வதால் பொய் மெய்யாவதில்லை. பொய் சொல்லாதவருக்கு நிற்க இடமில்லாமல் போவது மட்டுமே அதனால் நடக்கிறது. தன் அளவுக்கு மிகாமல் எழுதும் ஒவ்வொருவரும் அடுத்து வரும் நேர்மையாளர் ஒருவர் நிற்பதற்கு அந்த வரிசையில் இடம் பிடித்து வைக்கிறார்.